பனாமாவுக்கு ஊற்றும் தேநீர்

பாய், இன்று காலை பசுந்தாங் டீக்கடைத் தொலைக்காட்சியில் உன் பனாமா கால்வாய் வந்தது. அமெரிக்கா அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் பேசுகிறதாம். மேசையில் காசில்லாமல் வைக்கும் வெறுந்தேநீர்க் கெண்டி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. அதைச் சொல்லிக் காட்ட எதிரே நீ இல்லை என்பது அடுத்த நிமிடம் எரிச்சலாகிவிட்டது.

நாம் துறைமுகத்தில் மூட்டை ஏற்றிய காலம். அமெரிக்கா கால்வாயைப் பனாமாவுக்கே திரும்பக் கொடுக்க ஒப்பந்தம் என்று ரேடியோவில் கேட்டுவிட்டு வந்தாய்.

"கப்பல் போற வாய்க்கால எவன் பாய் விட்டுக் குடுப்பான்?" என்றேன்.

"கையெழுத்துப் போட்டுட்டான்லண்ணே, குடுப்பான். தோத்தவன் தேத்தண்ணி ஊத்தணும்."

இந்த ஊரில் இளையவன்தான் மூத்தவனுக்கு ஊற்றுவான். நான் உனக்கு மூத்தவன். இருபது வருடத்துக்கு மேல் கழித்து, தவணை முடிந்ததும் சொன்னபடி கால்வாயைக் கொடுத்துவிட்டார்கள். கடை முழுவதும் சிரிக்க, நரைத்த தலையோடு உன் கோப்பையை நிரப்பினேன்.

"ஒருநாள் திரும்பப் பிடுங்குவான். அன்னைக்கு நீ ஊத்துவ."

"அதுவரைக்கும் நீங்க ஊத்துங்க, பனாமா அண்ணே!"

பிறகு தாகேதாவில் உன் வீடு இருந்த ஓடைக்கரையைக் காலி செய்யச் சொன்னார்கள். சாமான்களை என் வீட்டுக்குக் கொண்டுவா என்றேன். முத்திரை போட்ட மனைத்தாளைக் காட்டி, "பனாமாவையே குடுத்தான்லண்ணே" என்றாய். இயந்திரம் உன் கூரையை இழுத்தபோது அந்தத் தாளை நீட்டியபடி நின்றாய். ஒருவனும் அதை வாங்கிப் பார்க்கவில்லை. ஊருக்கு வெளியே மாவ்பியில் வாடகை அறையில் படுத்தவன் எழவேயில்லை. நான் கடைசியாகப் பார்க்க வந்தபோதும், "ஒரு தாள் பொய்யானா எல்லாத் தாளும் பொய்யாண்ணே?" என்று கேட்டாய். கோபத்தில் எழுந்து வந்துவிட்டேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

இன்று, செய்தியைப் பார்த்த பக்கத்து மேசைத் தையல்காரர், "பலம் உள்ளவன் எடுத்துக்குவான். தாளாவது, ஒப்பந்தமாவது!" என்றார். காலமெல்லாம் நான் சொன்ன பேச்சு அது. ஆனால் நான் மேசையைத் தட்டி எழுந்துவிட்டேன்.

"கையெழுத்துப் போட்டுக் குடுத்தது! எப்புடி எடுப்பான்?"

"என்னாண்ணே, பாய் கட்சிக்கு மாறிட்டீங்களா?" என்றார் அவர்.

மாறவில்லை, பாய். நான் சொன்னதுதான் சரி. இடிந்த உன் வீடு அதற்குச் சாட்சி. உன் வார்த்தையை என் வாயில் வைத்துவிட்டுப் போனதற்காக உன்னை மன்னிக்கவும் மாட்டேன். ஆனால் பந்தயப் பேச்சு என்றால் பேச்சு. கால்வாய் இன்றைக்கும் பனாமாக்காரன் கையில்தான் இருக்கிறது.

கெண்டியைத் தூக்கி, எதிரே உன் இடத்தில் இருந்த கோப்பையில் ஊற்றினேன்.