பதினெட்டு நிமிடம்

மார்ச் 10, திங்கள்
மழை. தையல் இன்னும் இழுக்கிறது. பால், நாப்பி, பால், நாப்பி. வெள்ளிக்கிழமை பிள்ளைக்கு முப்பத்தொன்றாம் நாள் சடங்கு. மாமி, இவருடைய அம்மா, சோலோதுர்னிலிருந்து மூன்று பெட்டிகளோடு வந்து இறங்கிவிட்டார்.

யாழ்ப்பாணத்துச் சாத்திரியாரின் சாதகம் வாட்ஸப்பில். பிறந்த நேரம் 15.05. நட்சத்திரம் மகம்.

பொய். 14.47. மருத்துவச்சி சத்தமாகச் சொன்னாள், சுவர்க் கடிகாரத்தை நானும் பார்த்தேன். ஆனால் 14.47 என்றால் ஆயிலியம். ஆயிலியத்துப் பெண் மாமியாருக்கு ஆகாதாம். மகத்துப் பெண் ஜெகத்தை ஆளுவாளாம். ஆகவே மாமி பதினெட்டு நிமிடம் கூட்டிக் கொடுத்திருக்கிறார். இவர் வழக்கம்போலத் தலையாட்டியிருக்கிறார்.

பால் மணம் மாறாத பிள்ளையின் மாமியாரை இப்போதே காப்பாற்றுகிறார்கள். அந்த மனுசிக்கு இன்னும் கல்யாணமே ஆகியிருக்காது.

மார்ச் 11, செவ்வாய்
இவருடைய வேலையிடத்து சுவிஸ்காரர் நாரைப் பலகை செய்கிறார்களாம். இங்கே பிள்ளை பிறந்தால் வாசலில் நடுகிற மர நாரை. பெயர், நிறை, நேரம் எல்லாம் எழுதியிருக்கும். தச்சுவேலை தெரிந்தவன் விடுமுறையில் போனதால் ஒரு மாதம் பிந்திவிட்டதாம். அவர்களில் ஒருத்தி, மோனிகா, விவரம் கேட்டாள். 3.140 கிலோ, 50 செ.மீ., 14.47 என்று அனுப்பினேன். இவரிடம் சொல்லவில்லை.

அந்தப் பதினெட்டு நிமிடமும் பிள்ளை என் நெஞ்சில் கிடந்தாள். சாதகத்தின்படி அப்போது அவள் பிறக்கவேயில்லை. நினைக்க நினைக்கக் கோபம்.

மார்ச் 13, வியாழன்
அலங்காரக்காரர் வந்தார். பிள்ளைக்குச் சிம்மாசனம், பொன்னிறக் கிரீடம். கழுத்து நிற்காத பிள்ளைக்குக் கிரீடம்!

வாங்க: பால்மா, வெற்றிலை, பேப்பர் தட்டு, தையலுக்கு மருந்து. கடைசியை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

மாலை நாரை வந்தது. வாசலில் நட்டு, கைகொடுத்து, பியர் குடித்துப் போனார்கள். நாரை அழகு. அவர்கள் போன கையோடு மாமி இளஞ்சிவப்புப் பலூன் பன்னிரண்டு கட்டி நேரத்தை மறைத்தார். இவர் ஊதிக் கொடுத்தார். ஆம்பிளை!

மார்ச் 14, வெள்ளி
வெயில். ஐயர் தண்ணீர் தெளித்தார், துடக்குக் கழிந்தது. நாற்பது பேர்.

"நிறம் பரவாயில்லை."
"மூக்கு தாயின்ர. இனி என்ன செய்யிறது."
"மகமாம், மகம்!"

இவருடைய சித்தப்பா நாரையோடு படமெடுக்கப் பலூனை விலக்கியிருக்கிறார். பஞ்சாங்கம் விரல்நுனியில் வைத்திருக்கிற மனிதர். உள்ளே வந்து கேட்டார்.
"பலகையிலை 14.47 எண்டு கிடக்கு. அப்ப ஆயிலியமெல்லோ?"
"அது வெள்ளைக்காரர் பிழையா எழுதிப்போட்டினம்," என்றார் மாமி.
"சுவிஸ்காரன் நேரத்திலை பிழை விடுவானோ?"
எல்லோரும் சிரித்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.
"பிழையில்லை மாமா. நான்தான் குடுத்தனான்."

இவர் கூரையைப் பார்த்தார். பிறகு யாரோ ரோல்ஸ் சூடாக இருக்கிறது என்றார்கள். நாற்பது பேரும் நகர்ந்தார்கள். இவர்களுடைய நம்பிக்கை ஒரு ரோல்ஸோடு சரி.

ஆட்கள் போனபின் குசினியில் மாமி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். ஏச்சு வாங்கத் தயாராகத்தான் போனேன்.
"நானும் ஆயிலியம், பிள்ளை," என்றார், திரும்பாமலே. "ஒம்பது சம்பந்தம் திரும்பிப் போனது. கலியாணம் முடிச்சு ரெண்டாம் மாசம் என்ர மாமி செத்தவ. நெஞ்சு வருத்தம். செத்தவீட்டிலை எல்லாரும் என்னைத்தான் பாத்தவை. இவளை ஒருத்தரும் அப்பிடிப் பாக்கப்படாது."
குழாயை மூடவில்லை. பாத்திரம் துடைக்கத் துணி எடுத்தேன்.

மார்ச் 15, சனி
தூறல். சிம்மாசனம் திரும்பிப் போய்விட்டது. மிச்ச ரோல்ஸ் 23. சித்தப்பா மூன்றுதரம் போன் அடித்தார், யாரும் எடுக்கவில்லை.

பால் கொடுக்கும்போது மாமி பக்கத்தில் வந்து இருந்தார்.
"அந்தப் பதினெட்டு நிமிசமும் பிள்ளை என்ன செய்தவள்?"
"என்ர நெஞ்சிலை கிடந்தவள். அழேல்லை. ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பாத்தவள்."
"ஒரு கண்ணோ?"
"ஓம். வலக்கண்."

மாமி கத்தரிக்கோலோடு வெளியே போனார். யன்னலால் பார்த்தேன். பலூன்களை ஒவ்வொன்றாக வெட்டினார். தூறலில் நின்று, முந்தானையால் 14.47-இன் மேலிருந்த ஈரத்தைத் துடைத்தார். உள்ளே வந்து செருப்பைக் கழற்றினார்.
"சாத்திரியாருக்கு மட்டும் சொல்லிப்போடாதை."