வலைக்கு முன்னால் நில்

வூராங்கில்
செவ்வாய், காலை

அன்புள்ள ரோட்னிக்கு,

ஹெதர் எழுதுவது. நம் பெண் ஜோடிக்கு ஜலதோஷம் விட்டுவிட்டது. உன் அம்மா சௌக்கியம். என் அண்ணன் லெஸ்ஸுக்கு முதுகுவலி, வாய் மட்டும் வழக்கம்போல நன்றாக வேலை செய்கிறது. நீ எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்கப்போவதில்லை. நேற்று அயர்லாந்திலிருந்து நீ பேசியபோது போனில் கேட்டதற்கு முழங்கால் வலி, அதனால்தான் இரண்டாவது ஆட்டத்தில் உட்கார்ந்துவிட்டேன் என்றாய். ஒன்பது வருஷமாக அந்த முழங்காலுக்குப் பனிக்கட்டி கட்டுகிறவள் நான். நிஜமாக வலித்தால் நீ அதைப் பற்றி வாயே திறக்கமாட்டாய். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆடத் தெரிந்த உனக்கு அந்தப் பேச்சு எதற்கு?

போன் தானாக அறுந்துபோனது என்று நினைத்துக்கொண்டிருந்தால், இல்லை, நான்தான் வைத்தேன். "வீட்ல அறுவடைக்கு ஆள் இல்லன்னு கோச்கிட்ட சொல்லிட்டு அடுத்த பிளேன்ல வந்துடறேன் ஹெதர்" என்று நீ சொன்னதும் எனக்கு வந்த கோபத்தில் என்ன பேசியிருப்பேனோ தெரியாது. இன்னும் இரண்டு நிமிஷம் உன் குரலைக் கேட்டிருந்தால் கோபம் போய் இளகியிருப்பேன். அது அதைவிட மோசம். அதனால்தான் கடிதம் எழுதுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

முதல் ஆட்டத்தை இங்கே மறுநாள் சாயங்காலம் டிவியில் போட்டார்கள். பெரிலின் ஹோட்டலில் ஊரே கூடியிருந்தது. கடைசி ஐந்து நிமிஷம், நாம் இரண்டு புள்ளி முன்னால். நம் கோல்கீப்பர் முன்னே ஓடிப்போய் ஏமாந்துவிட்டான். பந்து துள்ளித் துள்ளி கோலை நோக்கிப் போகிறது. பின்னாலேயே நீ, உன் தோளில் ஒட்டிக்கொண்டு ஒரு சிவப்புத்தலை அயர்லாந்துக்காரன். நீ என்ன செய்யப்போகிறாய் என்று நீ செய்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. ஊரில் இத்தனை வருஷமாகச் செய்ததைத்தான் அங்கேயும் செய்தாய். ஓங்கி ஒரு குத்து. பந்து கம்பங்களுக்கு நடுவே உள்ளே போய்விட்டது.

உன் அம்மாதான் முதலில் பேசினார். "இதுல என்ன தப்பு ஹெதர்? நெருக்கினா நம்ம கோலுக்குள்ளயே குத்தி விட்டுடணும், எதிராளிக்கு ஒத்தப் புள்ளியோட போச்சுன்னு சின்னப் பசங்களுக்குக்கூடத் தெரியுமே!" நான் சொன்னேன், "இங்க அப்படி. அங்க ரெண்டு நாட்டு ஆட்டத்தையும் கலந்து ஆடறாங்கம்மா. நடுவுல வலை கட்டியிருக்கு. வலைக்குள்ள யார் தள்ளினாலும் ஆறு புள்ளி." அவர், "அப்போ அவன் கையி ஊர்லயே இருந்திருக்கு" என்றார். நாலு புள்ளியில் தோற்றோம். பின்னாலிருந்து ஒருவன், "ரோட்னிக்கு அவங்க பச்சைச் சட்டை நல்லாப் பொருந்தும்யா" என்றான். லெஸ் எழுந்துபோய் அவனுக்கு ஒரு பீர் வாங்கி, அதை அவன் மடியிலேயே ஊற்றிவிட்டு வந்தான். பெரில் இருவரையும் வெளியே அனுப்பினாள்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், இங்கே சிரிக்கிறார்களோ என்று நீ பயந்துகொண்டிருப்பதை விட நான் சொல்லித் தெரிந்துகொள்வது நல்லது. ஆமாம், சிரிக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் ஜோடியிடம் உன்னைப் போலக் குத்திக் காட்டினானாம். இவள் அவன் மூக்கில் குத்திக் காட்டிவிட்டாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். தலையைக் குனிந்துகொண்டு கேட்டுவிட்டு, திரும்பும் வழியில் அவளுக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். செய்தது சரியில்லைதான்.

சிரிப்பு ஒரு மாதத்தில் அடங்கிவிடும். எனக்கு பயம் அதில்லை, நீதான். போன வருஷம் லீக் இறுதி ஆட்டத்தில் நீ மறித்துக்கொண்டிருந்த ஆள் உன்னைத் தாண்டி கோல் போட்டதும் நாம் தோற்றோமே, அதற்கப்புறம் நாலு மாதம் நீ கடைத்தெருப் பக்கமே போகவில்லை. ரொட்டி வாங்கக்கூட நான்தான் போனேன். சாப்பாட்டு மேஜையில் உப்பைக் கொடு என்பதைத் தவிர ஒரு பேச்சு இல்லை. ஜோடி என்னிடம், "அப்பாவுக்கு நம்ம மேல கோவமா?" என்று கேட்டாள். உன்னிடம் இதை நான் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். அந்த மனிதனோடு இன்னொரு தடவை குடித்தனம் நடத்த என்னால் முடியாது ரோட்னி. அதுவும் அவன் ஓடிவந்தவனாக இருந்தால் நாலு மாதத்தில் முடியாது, நாற்பது வருஷம் ஆகும்.

ஆளுக்கொரு வெற்றி, மூன்றாவது ஆட்டத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள். பெரிய கிளப்காரர்களுக்கு நடுவே நாட்டுப்புற லீகிலிருந்து எடுத்த ஒரே ஆள் நீ. முப்பத்தொரு வயது. இதற்கப்புறம் உன்னை யாரும் எங்கேயும் கூப்பிடப்போவதில்லை, அது உனக்கே தெரியும். வருகிற செவ்வாய்க்குள் பதில் சொல்லச் சொல்லி கோச் கேட்டிருக்கிறார் என்றாய். நிற்கிறேன் என்று சொல்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் பதினோரு வருஷம் நெட்பால் ஆடினவள், அங்கே நீங்கள் ஆடுகிற உருண்டைப் பந்து உன்னைவிட எனக்குப் பழக்கம். நேற்று சாயங்காலம் மைதானத்துக்குப் போய் லெஸ்ஸை முன்னால் நிற்கவைத்து, கோலைப் பார்த்து ஓடிக்கொண்டே இருபது பந்தைக் குத்தினேன். முதல் எட்டு பந்தும் நேராக நடுவேதான் போயின. பிறகு புரிந்தது. நீ அவசரப்படுகிறாய். நம் ஊர் முட்டைப் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் நீங்கள் எல்லோரும் கிடைத்த நொடியில் குத்திவிடுவீர்கள். உருண்டைப் பந்து அப்படி ஏமாற்றாது, வருகிறேன் என்ற இடத்துக்கு வரும். ஒரு அடி கூட எடுத்துவை, தோளைத் திருப்பு, பிறகு பக்கவாட்டில் குத்து. ஓரக் கம்பத்துக்கு வெளியே போனால் ஒன்றுமில்லை, ஓரக் கம்பத்துக்கும் வலைக் கம்பத்துக்கும் இடையில் போனாலும் ஒரே புள்ளி. மீதிப் பன்னிரண்டில் பத்தை நான் அப்படித் தள்ளினேன். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள், எனக்கு அரை மணி நேரத்தில் மாறியது. உனக்குப் பன்னிரண்டு நாள் இருக்கிறது.

வியாழன்

இதைத் தபாலில் போட நேரமில்லாமல் போய்விட்டது. போடாததும் நல்லதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

நேற்று மத்தியானம் ஆலங்கட்டி மழை. பத்து நிமிஷம்கூட இல்லை. நானும் லெஸ்ஸும் லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டோம். எழுந்து பார்த்தபோது வடக்கு வயல் முழுக்கக் கதிர் உதிர்ந்து தரையோடு தரையாகக் கிடக்கிறது. மொத்த விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. மற்ற இரண்டு வயலுக்கும் சேதமில்லை, ஆனால் அடுத்த மழைக்கு முன்னால் அறுத்தாக வேண்டும். நான் அழுதேன். லெஸ் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான். பிறகு இருவரும் அறுவடை மிஷினுக்கு என்ன ஆனது என்று பார்க்கப் போனோம்.

ராத்திரிச் சாப்பாட்டில் பெரிய வாக்குவாதம். லெஸ் சொன்னான், "போதும் ஹெதர். அவன வரச்சொல்லு. சாக்கு சொன்னானே, அந்தச் சாக்கு பலிச்சிடுச்சு. இப்ப நெசமாவே ஆள் வேணும்." உன் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "வரச்சொல்லவும் வேணாம், இத அவன்கிட்ட சொல்லவும் வேணாம். ஆடிட்டு வரட்டும், வந்து பாத்துக்கட்டும்" என்றார். அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, அவர் சொன்னதிலும் இருக்கிறது. நான் தட்டுகளைக் கழுவி முடிக்கும்வரை யோசித்தேன்.

மறைக்கப்போவதில்லை. மறைத்தால், நீ அங்கே நின்றது தெரியாமல் நின்றதாகிவிடும். வந்து வயலைப் பார்த்ததும் "என்கிட்ட ஏன் சொல்லல, வந்திருப்பேனே" என்பாய், அப்புறம் அந்தப் பேச்சுக்குள்ளேயே காலம் முழுக்க ஒளிந்துகொள்வாய். உன்னை எனக்குத் தெரியும். அதனால் திரும்பி வருவதற்கு யாரும் குறை சொல்ல முடியாத ஒரு காரணத்தை நானே உன் கையில் கொடுக்கிறேன். கோச்சிடம் காட்டினால் தட்டிக்கொடுத்து அனுப்பிவைப்பார். ஊரும் பாவம் என்று சொல்லும். உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன், அதைப் பயன்படுத்தாதே.

இங்கே ஏற்பாடு ஆகிவிட்டது. லெஸ்ஸும் நானும் மாறி மாறி மிஷின் ஓட்டுகிறோம். தானியத்தை ஏற்றிக்கொண்டு போக ஆள் தேடிக்கொண்டிருந்தபோது உன் அம்மா கையில் லாரிச் சாவியோடு வந்து நின்றார். "நீங்க லாரி ஓட்டிப் பதினஞ்சு வருஷம் ஆச்சேம்மா" என்றேன். "லாரிக்கும்தான் வயசாச்சு, நாங்க ரெண்டு பேரும் அனுசரிச்சுப் போய்க்குவோம்" என்றார். இன்று மூன்று நடை அடித்திருக்கிறார். தானியக் கிடங்கு வாசலில் லாரிகளோடு வரிசையில் நின்ற ஆண்பிள்ளைகள் வழிவிட்டார்களாம். வழிவிட்டார்களா, பயந்து ஒதுங்கினார்களா, தெரியாது.

சனி, காலை

அவசரமாக எழுதுகிறேன். டெரிக் ஹல்லிகன் என் சமையலறையில் உட்கார்ந்து சாசேஜும் முட்டையும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். உனக்கு நினைவிருக்கும், பக்கத்து ஊர் டீமின் பின்வரிசைக்காரன், போலீஸ் வேலை, போன வருஷக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு நம் முன்னாலேயே ஓடினவன். உங்கள் டீமில் யாருக்கோ தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டதாம், அதற்கு இவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இன்று மெல்போர்னில் விமானம் ஏறுகிறான். ஆனால் அவன் ஆடுகிற இடம் உன் இடம்தான். நீ வேண்டாம் என்றால் வலைக்கு முன்னால் அவன் நிற்பான். அதைச் சொல்லத்தான் நாற்பது கிலோமீட்டர் சுற்றி இங்கே வந்திருக்கிறான்.

தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "மிஸஸ் நோஸ்கே, உங்க வீட்டுக்காரர் இடத்துக்கு நான் ஆசப்படல. அவரா விட்டாதான் நான். அதை நேர்ல சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றான். "விடமாட்டான்" என்றேன். "வந்துடப் போறார்னு பேசிக்கறாங்களே?" என்றான். "ஊரு பேசும். நீ உக்காந்து சாப்பிடு" என்றேன். வடக்கு வயலை வரும் வழியிலேயே பார்த்துவிட்டான் போல, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நல்ல பையன். கோப்பை விஷயத்தை நான் மன்னித்துவிட்டேன், நீயும் மன்னித்துவிடு.

இந்தக் கடிதத்தை அவனிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். தபாலைவிட வேகம், திங்கட்கிழமை உன் கையில் இருக்கும். கொண்டுபோகிறாயா என்றதும், "என்ன எழுதியிருக்கீங்க?" என்று கேட்டான். "உன்ன உள்ள விடக்கூடாதுன்னு" என்றேன். சிரித்துவிட்டு, "அத நானே சுமந்துட்டுப் போறது நியாயமா மிஸஸ் நோஸ்கே?" என்று கேட்டான். கேட்டுவிட்டு இன்னொரு முட்டை வாங்கிக்கொண்டான். அவனுக்கு ஒரு டீ வாங்கிக்கொடு ரோட்னி. பயிற்சியில் உன்னை நோக்கி அவனையே பந்து எறியச் சொல். இடத்தை மட்டும் கொடுக்காதே.

மறுபடியும் தப்பு செய்தால் என்ன செய்வது என்று நினைப்பாய். செய், பரவாயில்லை. யானைக்கும் அடி சறுக்கும். நின்று தோற்றுவிட்டு வருகிறவனுக்கு நானே சமைத்துப் போட்டு, சிரிக்கிறவர்களையும் பார்த்துக்கொள்கிறேன். பயிரில் பங்கு போனதைத் தாங்கிக்கொண்டேன், ஆறு புள்ளியைத் தாங்கமாட்டேனா? நிற்காமல் வருகிறவனை என்ன செய்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆட்டம் முடியும்போது இங்கே திங்கள் விடிந்துகொண்டிருக்கும். நான் தெற்கு வயலில் மிஷின் மேல் இருப்பேன். ரேடியோ போடப்போவதில்லை. யார் ஜெயித்தார்கள், எத்தனை புள்ளி என்பதெல்லாம் எனக்கு வேண்டாம். நீ இறங்கி நின்றாய் என்று லெஸ் வரப்பில் வந்து கையைத் தூக்கிக் காட்டினால் போதும், மீதி வயலையும் அறுத்து முடித்துவிடுவேன்.

டெரிக் கார் சாவியை எடுத்துவிட்டான். இனி எழுத நேரமில்லை, எழுதினால் இதுவரை எழுதியதெல்லாம் கெட்டுவிடும். கடவுள் உன் கையோடும் தோளோடும் இருக்கட்டும். முதலில் நில். அது முடிந்ததும், அடுத்த நாள் வரைகூட இருக்காமல், கிடைக்கிற முதல் விமானத்தில் வந்துவிடு ரோட்னி. எனக்குத் தனியாக முடியவில்லை.

உன்
ஹெதர்