வேண்டாம் என்று சொன்ன வாட்சுகள்

என் அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருப்பீர்கள், உனக்கு வாந்தி நின்று வாய்க்கு ருசி தெரிய ஆரம்பித்திருக்கும் என்று நம்புகிறேன். நம்புவது என்ன, தெரியும். நேற்று சாயங்காலம் உன் சித்தி வந்து எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டுப் போனாள். நேற்று நீ நன்றாக நடந்தாயாம், அதற்கு முந்தின நாள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லையாம், தூக்கம் மட்டும் இன்னும் சரியாக வரவில்லையாம். பெற்றவளுக்குப் பிள்ளையின் சேதி பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரிவது மாதிரி காற்றுவாக்கில்தான் வந்து சேருகிறது. இதையெல்லாம் போனிலேயே பேசியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் பேசினால் என்னம்மா கோபமா என்று நீ கேட்பாய், சேச்சே அதெல்லாம் ஒன்றுமில்லை என்று நான் சொல்வேன், நீயும் நிம்மதியாக வைத்துவிடுவாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். பிரசவத்துக்குத் துணையாக இருக்க நீ சித்தியைக் கூப்பிட்டிருக்கிறாய், அவளும் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. உன் அப்பாவிடம் சொன்னால், பள்ளிக்கூட வேனை ஓட்டிக் களைத்து வந்த மனுஷன், குளிர்ந்த பால் குடித்துப் பார் என்கிறார். பால் குடித்துத் தீருகிற எரிச்சலா இது. பொறாமைதான், வேறு பெயர் வைத்து மூடத் தெரியவில்லை. நீ என்னைத்தான் முதலில் கேட்டாய், ஒப்புக்கொள்கிறேன். வர முடியுமாம்மா என்று கேட்டாய். ஆஸ்பத்திரி லாண்டரியில் என்னை விட்டால் ஆள் இல்லை, உன் அப்பாவுக்கு அடுப்பு மூட்டக்கூடத் தெரியாது, அந்த ஊர்க் குளிர் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று அடுக்கினேன். ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நீ விடாமல் இன்னொரு தடவை கேட்பாய், நான் கொஞ்சம் அலுத்துக்கொள்வேன், மூன்றாவது தடவை சரி என்று சொல்லலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். நீ என்னடாவென்றால், சரிம்மா பரவாயில்லை என்று சொல்லி அந்தப் பக்கம் சித்திக்குப் போன் போட்டுவிட்டாய். அவள் மூச்சு விடுவதற்குள் சரி என்றிருப்பாள். அவள் சுபாவம் அது. பெண்ணே, உன் அம்மா ஒரு தடவை வேண்டாம் என்றால் அதற்கு வேண்டாம் என்றா அர்த்தம்? இத்தனை வருஷம் என் கையால் சாப்பிட்டு வளர்ந்தவளுக்கு இது தெரிய வேண்டாமா?

என் வாட்ச் பெட்டியைச் சின்ன வயசில் நீ எத்தனையோ தடவை திறந்து விளையாடியிருக்கிறாய். அதில் இருக்கிறவை எப்படி வந்தன என்று நான் உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. முதலாவது, நகத்தளவு முகம் வைத்த சாவி கொடுக்கும் வாட்ச், லாண்டரியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கியது. கொதிக்கிற தண்ணீரில் போர்வைகளைப் புரட்டுகிற இடத்தில் அதைக் கட்டிக்கொண்டு போனேன், புத்தி கெட்டவள். ஒரே மாதத்தில் கண்ணாடிக்கு உள்ளே ஆவி பிடித்து முள்ளே தெரியாமல் போய்விட்டது. அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்து உயிர் கொடுத்தேன், இன்றைக்கும் ஓடுகிறது, ஆனால் அதற்கு இஷ்டப்பட்ட நேரத்தைத்தான் காட்டும். அதற்கு மாற்று வாங்கத்தான் உன் சித்தியையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். அப்போதுதான் அவளுக்குப் பல் டாக்டரிடம் வரவேற்பறை வேலை கிடைத்திருந்தது. கடைக்காரர் தங்க நிறத்தில் சங்கிலி மாதிரிப் பட்டை போட்ட ஒன்றை எடுத்து என் கையில் மாட்டினார். என் கைக்கென்றே செய்தது போல இருந்தது. எனக்கு எதற்கு இதெல்லாம், வேண்டாம், சும்மா பார்க்கத்தான் வந்தோம் என்று கழற்றிக் கொடுத்தேன். கடைக்காரர் இன்னும் கொஞ்சம் வற்புறுத்துவார் என்று பார்த்தால், அவர் வாயைத் திறப்பதற்குள் உன் சித்தி கையை நீட்டிவிட்டாள். அப்படியானால் எனக்குப் போடுங்கள் என்று சொல்லி அங்கேயே மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். வழியெல்லாம் கையை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். மறு வாரம் தனியாகப் போய் அதே மாதிரி ஒன்று வாங்கினேன், அது அதில்லை, முலாம் பூசியது. லாண்டரி ஆவியில் இரண்டே மழைக்காலத்தில் கறுத்துப்போனது.

அன்றைக்குப் பிடித்த சனி. நீல முகம் வைத்ததும் அப்படித்தான், சதுர வாட்சும் அப்படித்தான். நான் தொட்டுப் பார்த்து வேண்டாம் என்பேன், அவள் கட்டிக்கொள்வாள், பிறகு நான் போய் அதன் ஒன்றுவிட்ட தங்கை மாதிரி ஒன்றை வாங்கி வருவேன். என் பெட்டியில் பாதி இப்படிச் சேர்ந்ததுதான். பேட்டரி வாட்ச் மலிந்த காலத்தில் இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு உடுத்துகிற துணிக்கு ஒரு நிறம் என்று வாங்கினோம், அதில் முக்கால்வாசியை நீதான் உடைத்தாய். கண் மங்கியதும் எனக்குச் சின்ன முகமெல்லாம் உதவாமல் போய், பெரிய எண் போட்ட ஆம்பிளை வாட்சுகளுக்கு மாறினேன். சுவரில் மாட்டுவதைக் கழற்றிக் கையில் கட்டிவிட்டாள் என்று உன் அப்பா வேன் பிள்ளைகளிடம் எல்லாம் சொல்லிச் சிரித்தார். சித்திக்கு மட்டும் கண் மங்கவில்லை, விரலும் வீங்கவில்லை, நகைக்கடை விளம்பரத்துக் கை மாதிரி அப்படியே இருக்கிறது. என் வாட்சுகளின் இருப்பிடம் பிஸ்கட் டப்பாவில் தொடங்கிக் கரண்டி வைக்கிற தட்டுக்கு மாறி, கடைசியில் இந்த மரப்பெட்டி வந்தது. லாண்டரியில் கிழித்துப் போடுகிற தலையணை உறைகளை வெட்டித் தைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டித் தலையணை செய்திருக்கிறேன். அந்த அழகு அவளிடம் கிடையாது, அவள் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டி வைத்திருப்பாள். இதில் மட்டும் எனக்குத்தான் ஜெயம் என்று இருந்தேன்.

அதற்கும் வேட்டு வைத்தது நீதான். போன தடவை லீவில் வந்தபோது நடையை எண்ணுகிற வாட்ச் ஒன்றை எனக்கென்று கொண்டுவந்தாயே, ஞாபகம் இருக்கிறதா. நானும் இதே மாதிரிதாம்மா கட்டியிருக்கிறேன், நான் நடப்பது உனக்குத் தெரியும், நீ நடப்பது எனக்குத் தெரியும் என்று ஆசையாகச் சொன்னாய். நான் உடனே கையை நீட்டியிருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்த வார்த்தை என்ன தெரியுமா, இதற்குத் தினம் கரண்ட் ஊட்ட வேண்டுமே, எனக்கெதற்கு, வேண்டாம். நீ முகம் வாடி அதை மேஜைமேல் வைத்தாய். பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றிலிருந்து உன் நடை, உன் தூக்கம், உன் மூச்சு எல்லாம் அவள் மணிக்கட்டில் இருக்கிறது. காலையில் நான் போர்வைகளைப் பிழிந்துகொண்டிருக்கும்போது போன் செய்து, உன் பொண்ணு இன்னைக்கு சீக்கிரமா எந்திரிச்சுட்டா அக்கா என்று சொல்கிறாள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறாள். அந்த நல்ல எண்ணம்தான் என்னை வறுத்தெடுக்கிறது.

நேற்று அவள் வந்தது உன் சேதி சொல்ல மட்டுமில்லை. ஒரு பையைக் கொண்டுவந்து என் சமையலறை மேஜைமேல் கவிழ்த்தாள். அவளுடைய வாட்சுகள், அத்தனையும். இப்போது கையில் இருக்கிற ஒன்றே போதுமாம், மற்றதெல்லாம் சும்மா கிடக்கின்றனவாம், எனக்குப் பிடிக்குமே என்று கொண்டுவந்தாளாம். அந்தத் தங்கச் சங்கிலி, நீலம், சதுரம், நான் ஆசைப்பட்டது ஒவ்வொன்றும் என் கண் முன்னால் கிடந்தது. இரண்டில் பேட்டரியைக் கழற்றாமல் விட்டுக் கசிந்து போயிருந்தது, பார்த்ததும் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம், மறைக்கவில்லை. தங்கச் சங்கிலியை எடுத்துப் போட்டுப் பார்த்தேன், கொக்கி பாதி வழியில் நின்றுவிட்டது. சந்தோஷப்பட வேண்டியவள் எரிந்து விழுந்தேன். என் பெண்ணைக் கையில் வாங்கிக்கொண்டு, தகர டப்பாவையெல்லாம் என் தலையில் கட்டுகிறாயா என்று கேட்டேன். வாய்க்கு வந்தபடி இன்னும் நிறையச் சொன்னேன். இதிலெல்லாம் என் கண் இருந்தது உனக்குத் தெரியாதா, தெரிந்துகொண்டேதானே தட்டிப் பறித்தாய் என்றும் கேட்டுவிட்டேன். அவள், “பிடிக்குதுன்னு தெரியும். ஆனா நீ வேண்டாம்னு சொன்னியே அக்கா. நீ சொன்னா சொன்னதுதான்னு நெனச்சேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா அங்கேயே கழட்டிக் குடுத்திருப்பேனே” என்றாள்.

கோபம் வந்தால் எனக்குத் தைரியமும் வரும் என்று உனக்குத் தெரியும். சரி, இப்போது கேட்கிறேன், பிரசவத்துக்கு நான் போகிறேன், நீ விட்டுக்கொடு என்றேன். கழற்றித் தந்திருப்பேன் என்று அந்த நிமிஷம் சொன்னவள், இதற்கு உடனே சரி என்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் முகம் சுருங்கிப் போய்விட்டது. “இது வாட்ச் இல்லையே அக்கா, நான் எப்படிக் குடுக்குறது? அவ கூப்பிட்டா, நான் வர்றேன்னு சொல்லிட்டேன். நீ அவகிட்டதான் கேக்கணும்” என்றாள். பையை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு, வாட்சுகளை அப்படியே விட்டுவிட்டுப் போனாள். உன் அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். அவளுக்கு நம் பெண்ணை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள், பாவம் என்றார். எனக்கு மட்டும் ஒரு டஜன் பேரா இருக்கிறார்கள் என்று கேட்டேன். அவர் அடுத்த ஷூவை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். நீ பிறந்தபோது உன்னை முதலில் கையில் வாங்கியது சித்திதான். எனக்கு இரத்தம் நிற்காமல் போய் நினைவில்லாமல் கிடந்தேன், கண் விழித்தபோது நீ அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாய். அவள் இல்லாவிட்டால் அன்றைக்கு உன்னைப் பார்த்துக்கொள்ள நாதியில்லை. அதற்காக அவளுக்கு ஆயுசு முழுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனாலும் அந்த முதல் நாளை அவள் எனக்குத் திருப்பித் தர முடியாது, நானும் அதை மறக்க முடியாது. உன் பிள்ளையின் முதல் நாளும் அவளுக்கே போனால் நான் தாங்கமாட்டேன். நல்ல அக்கா இப்படி எழுதமாட்டாள் என்று எனக்கே தெரிகிறது. எழுதிவிட்டேன், அடிக்கப் போவதில்லை.

லாண்டரியில் என்னை விட்டால் ஆள் இல்லை என்று சொன்னது சுத்தப் பொய். இன்று காலை மேற்பார்வையாளரிடம் நீண்ட லீவு கிடைக்குமா என்று கேட்டேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், தாராளமாகப் போய் வாருங்கள் என்று சொல்லிவிட்டார். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. உன் அப்பா நேற்றிலிருந்து அடுப்பு மூட்டக் கற்றுக்கொண்டிருக்கிறார், தீக்குச்சி நிறையச் செலவாகிறது. குளிருக்கு என்னிடம் கம்பளி இருக்கிறது. ஆகவே சொல்வதற்குச் சாக்கு ஒன்றும் மிச்சமில்லை. நான் வருகிறேன் என்று முடிவு சொல்ல எனக்கு உரிமை இல்லை, வீடு உன்னுடையது, பிள்ளை உன்னுடையது, சித்திக்கு நீ வார்த்தை கொடுத்திருக்கிறாய். அதனால் கேட்கிறேன். என் வாழ்க்கையில் யாரிடமும், கடைக்காரரிடமோ உன் அப்பாவிடமோ உன்னிடமோ, ஒரு பொருளைக் காட்டி இது எனக்கு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டதில்லை. முதல் தடவையாகக் கேட்கிறேன். எனக்கு உன்னோடு இருக்க வேண்டும். நான் வரட்டுமா?

முடியாது என்றாலும் சொல், சித்தியே வரட்டும், நான் அழுது முடித்துவிட்டு அவளுக்குப் பெட்டி கட்டிக் கொடுப்பேன். இரண்டு பேருமாக வாருங்கள் என்று மட்டும் சமாதானம் பேசாதே, ஒரே சமையலறையில் எங்களைப் பார்த்து உனக்கு வலி முன்கூட்டியே வந்துவிடும். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இறங்கு. வெறும் வயிற்றில் வெளியே போகாதே. கால் வீங்கினால் உயர்த்தி வைத்துப் படு, டாக்டரிடம் மறைக்காதே. மாப்பிள்ளையையும் நேரத்துக்குச் சாப்பிடச் சொல். நீயும் உன் பிள்ளையும் ஒரு நோய்நொடி இல்லாமல் நூறாண்டு நிறைவாக இருக்க வேண்டும், அம்மாவின் ஆசீர்வாதம் இரவும் பகலும் உங்களோடு இருக்கும்.

ஒன்றே ஒன்று மறக்காதே. பதில் எதுவானாலும் எனக்கு நேராகச் சொல், சித்தி வழியாகச் சொல்லி அனுப்பாதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்