கயிறு சரி, பிரேக் சரி, மணி சரி

மார்ச் 3

மூவுலகும் மெச்சும் என் வாயாடிக்கு,

முதியோர் இல்லத்துப் புத்தக அலமாரியின் ஏகபோகச் சக்கரவர்த்தியும், வலிக்கின்ற முழங்கால்கள் இரண்டின் அதிபதியும், உன் அம்மாவின் ஒரே தம்பியுமாகிய நான் எழுதிக்கொள்வது. இங்கே நலம். அதாவது, நூற்றிருபது கிழங்கள் சேர்ந்து இருமுகிற இருமலில் கூரை தினம் ஓர் அங்குலம் மேலே போய்க்கொண்டிருக்கிறது. அதைத் தவிர நலம்.

"வேலை முடிஞ்சு வந்தா சுவரையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன் மாமா, ஏதாவது படிக்கச் சொல்லுங்க" என்று எழுதியிருக்கிறாய். யாரைப் பார்த்துக் கேட்டாய் தெரியுமா? நான் படித்ததையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், நிலாவில் இருக்கிறவன் அதையே படிக்கட்டாக வைத்துக்கொண்டு கீழே இறங்கி வந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம். அந்த மலையிலிருந்து உனக்காக ஐந்தே ஐந்து. எல்லாம் உன் தெருமுனை நூலகத்தில் கிடைக்கும்.

முதலில் 'உப்பளத்து மணமகள்'. இதைப் படித்து நான் அழுத கண்ணீரில் இன்னொரு உப்பளமே தொடங்கியிருக்கலாம், இடம்தான் கிடைக்கவில்லை. அடுத்தது 'கலங்கரைக் காவலன்'. கடைசியில் அவனும் பெண்டாட்டியும் படகேறிப் போகிற இடத்தில் எழுந்து நின்று கைதட்டினேன். பக்கத்துக் கட்டில்காரர் தீப்பிடித்துவிட்டது என்று ஜன்னலில் ஏறிவிட்டார். 'தையற்காரரின் ஏழு மகள்கள்': ஏழு பேருக்கும் கல்யாணம் ஆகிவிடும், கவலைப்படாமல் படி. 'பாலைவனத்தில் நாற்பது நாள்' ஒரு பயணக் கட்டுரை. பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர் வைத்துக்கொள். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, இரண்டு பேர் பிடித்து இழுக்கவேண்டியதாகிவிட்டது. ஐந்தாவது 'நீதிபதியின் குடை'. கொலைகாரன் யார் என்று சொல்லமாட்டேன்.

உன் மாமியாரை விசாரித்ததாகச் சொல். மாப்பிள்ளை விஷயமாக நீ கேட்டிருந்த கடைசி இரண்டு வரிக்கு அப்புறம் பதில் எழுதுகிறேன். கை வலிக்கிறது.

இப்படிக்கு,
சக்கரவர்த்தி மாமா


மார்ச் 19

அன்புள்ள மாமாவுக்கு,

வாயாடி எழுதுவது. நூலகத்தில் கார்டு வாங்கிவிட்டேன். உங்கள் பட்டியலைப் பார்த்துவிட்டு அங்கே இருக்கிற கண்ணாடிக்காரம்மா, "யாரு போட்டுக் குடுத்தது? ரொம்ப ரசனையான ஆளா இருப்பாரு போலயே" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. உப்பளத்து மணமகளில் நாற்பது பக்கம் தாண்டிவிட்டேன். அந்த மணமகள் புகுந்த வீட்டையே ஆட்டிப் படைக்கிறாள். சிரிப்பாக வருகிறது. நீங்கள் அழுத இடம் இன்னும் வரவில்லை.

கம்பெனியில் புது லிஃப்ட் போட்டுவிட்டார்கள். பக்கத்தில் ஒரு பலகையும் மாட்டியிருக்கிறார்கள். 'அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியதால் இங்கே ஓர் ஊழியர் உயிரிழந்தார். எச்சரிக்கை.' பெயர் போடவில்லை. போட்டுத்தான் தெரியவேண்டுமா என்ன. போன ஜூலையில் கயிறு அறுந்து விழுந்த லிஃப்டுக்குள் இருந்தவர் என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான். நாலாவது மாடிக்குப் பட்டன் தைக்கப் போகிற நான் தினமும் அதைத் தாண்டித்தான் படியேறிப் போகிறேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு பெண், பட்டன் தைத்துக்கொண்டே என்னிடம் கேட்டாள்: "யாருக்கா அந்த மடையன்?" தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

அத்தை தினமும் ஒரு தடவையாவது சொல்கிறார். "பன்னெண்டு மூட்டைன்னா பன்னெண்டுதான். என் புள்ள பதிமூணாவது மூட்டையை மேனேஜர் சொன்னாலும் ஏத்த மாட்டான்." எனக்கும் அது தெரியும். ஆனால் எத்தனை மூட்டை இருந்தது என்று எண்ணும் முன்பே துணியை அள்ளிவிட்டார்கள்.

பதினெட்டு வருஷம் அந்த லிஃப்டைப் பராமரித்தவர் நீங்கள். என் வீட்டுக்காரருக்கு அதை ஓட்டும் வேலையை வாங்கிக் கொடுத்தவரும் நீங்கள்தான். விசாரணையில் அழுதுகொண்டிருந்தேன், கேட்கத் தோன்றவில்லை. அந்த மாதம் நீங்கள் மேலே ஏறிப் பார்த்தபோது கயிறு எப்படி இருந்தது? இதைத்தான் போன கடிதத்திலும் கேட்டேன். கைவலி தேவலையா?

உங்கள்
வாயாடி


ஏப்ரல் 6

எட்டுத் திக்கும் புகழும் பட்டன் பேரரசிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் அந்தப் புதுப் பெண்ணை யானைக்காலில் இடறச் சொல்லி ஆணையிட்டேன். யானை கிடைக்கவில்லை. இங்கே கிடைப்பது ஒரு பூனை மட்டும், அதுவும் நாலு நாளாகச் சாப்பிடாமல் என் கட்டிலடியில் சத்தியாகிரகம் செய்கிறது.

நடந்தது நடந்துவிட்டது கண்ணு. மாப்பிள்ளை சொக்கத்தங்கம், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அவசரம் என்று ஒன்று இருக்கிறதே. மனுஷன் ஒரு மூட்டை கூடுதலாக வைத்துவிடுவதும் உண்டு. விசாரணை முடிந்து தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. முடிந்த புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கவேண்டும், நான் எடுப்பதுபோல.

இதோ இன்னும் மூன்று. 'எருமை டாக்டரின் நாட்குறிப்பு': சிரித்த சிரிப்பில் என் கடைவாய்ப் பல் கழன்று எதிர்வீட்டு மாடியில் விழுந்தது. 'அரண்மனைச் சமையல்காரர்': ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கிலோ எடை கூடினேன். 'பூட்டுக்காரனின் மௌனம்': அவன் கடைசிவரை வாயைத் திறக்கமாட்டான். புத்திசாலி.

முழங்கால் இரண்டும் சேர்ந்து எனக்கு எதிராகச் சதி செய்கின்றன. ஆகவே இத்துடன் அரசவை கலைகிறது.

சக்கரவர்த்தி மாமா


ஏப்ரல் 27

மாமாவுக்கு,

முதல் பட்டியலில் இருந்த ஐந்தையும் படித்து முடித்துவிட்டேன்.

உப்பளத்து மணமகளில் யாரும் ஒரு சொட்டுக்கூட அழவில்லை. தையற்காரருக்கு மகளே கிடையாது. அவர் கடையில் இருக்கும் ஏழு தையல் மெஷின்களைத்தான் மகள்கள் என்கிறார். நாற்பது நாளில் முப்பத்தெட்டு நாள் அந்த மனிதர் துறைமுகத்தில் அனுமதிக் காகிதத்துக்காகக் காத்திருக்கிறார். கொலையே நடக்கவில்லை, நீதிபதி குடையைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறார். கலங்கரைக் காவலனின் மனைவி ஒன்பதாம் பக்கத்திலேயே செத்துப்போகிறாள். உள்ளே படகு எங்கும் இல்லை. அட்டைப்படத்தில்தான் இருக்கிறது.

முதலில் சிரித்தேன் மாமா. "நம்ம மாமா அட்டையை மட்டும் பாத்துட்டு நம்மள ஏமாத்தியிருக்காரு அத்தை" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். இந்த ஒன்பது மாதத்தில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. அத்தைகூடச் சிரித்தார். பிறகு கலங்கரைக் காவலனைத் திருப்பி, அந்தப் படகை இன்னொரு தடவை பார்த்தேன். உள்ளே பார்க்காமலே நீங்கள் எழுதிய வேறொன்று நினைவுக்கு வந்தது.

விசாரணையில் உங்கள் பதிவேட்டை மேஜைமேல் விரித்து வைத்திருந்தார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். மாதத்துக்கு ஒரு வரி. 'கயிறு சரி. பிரேக் சரி. மணி சரி.' கீழே உங்கள் கையெழுத்து. ஏப்ரலிலும் அதே வரி, மே மாதத்திலும் அதே வரி, ஜூனிலும் அதே வரி.

அந்த லிஃப்டில் ஏப்ரலிலிருந்து மணியே இல்லை மாமா. ரிப்பேருக்கென்று கழற்றிக்கொண்டு போனவர்கள் திருப்பிக் கொண்டுவரவில்லை. இவர் ஸ்பேனரால் கம்பிக்கதவைத் தட்டித்தான் ஒவ்வொரு மாடிக்கும் வந்ததைச் சொல்வார். "மணிக்காரன் வந்துட்டான்" என்று நாலாவது மாடியே கேலி செய்யும். விசாரணையில் மணியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் அப்போது உறைக்கவில்லை.

இல்லாத மணி சரியாக இருந்தது என்றால், கயிறு?

மேலே ஏறிப் பார்த்தீர்களா, இல்லையா? ஒரு வார்த்தை போதும். புத்தகம் எதுவும் சொல்லவேண்டாம்.

உங்கள் அக்கா மகள்


மே 15

அன்புள்ள மருமகளுக்கு,

இல்லை. ஏறிப் பார்க்கவில்லை.

மெஷின் ரூம் ஆறாவது மாடிக்கும் மேலே. அதற்கு இரும்பு ஏணியில் ஏறவேண்டும். போன வருஷம் ஏப்ரலிலிருந்து என்னால் ஏற முடியவில்லை. ஓய்வுக்கு ஆறு மாதம் இருந்தது. முடியவில்லை என்று சொன்னால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்து, பதிவேட்டை வாங்கி, போன மாத வரியைப் பார்த்து அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இன்னொன்று இருக்கிறது. அது உனக்குத் தெரியாது. விழுவதற்கு ஒரு வாரம் முன்னால் மாப்பிள்ளை என்னிடம் வந்தார். "மாமா, அஞ்சாவது மாடி தாண்டும்போது கயித்துல ஒரு மாதிரி கிறீச்சுனு சத்தம் வருது. ஒரு எட்டு மேல ஏறிப் பாருங்களேன்" என்றார். நான், "அது ஒண்ணும் இல்ல மாப்ளே, நீங்க பாடுற பாட்டைக் கேட்டுக் கயிறு அழுவுது" என்றேன். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு லிஃப்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

விசாரணையில் "பாரம் அதிகம் இருந்திருக்குமா?" என்று கேட்டார்கள். "இருந்திருக்கலாம்" என்றேன். பன்னிரண்டுக்கு மேல் அவர் ஏற்றமாட்டார் என்பது உன் மாமியாருக்கு அடுத்தபடி எனக்குத்தான் தெரியும்.

கலங்கரைக் காவலன் இங்கே அலமாரியிலும் இருந்தது. எடுத்துப் படித்தேன். முந்நூற்றுப் பதினொரு பக்கம், பன்னிரண்டு நாள். இருபது வருஷத்தில் நான் முழுசாகப் படித்த புத்தகம் இது ஒன்றுதான். மனைவி போனபிறகு அவன் தினமும் படியேறிப் போய் விளக்கின் கண்ணாடியைத் துடைக்கிறான். வேறு ஒன்றும் நடப்பதில்லை. இரண்டு இடத்தில் மூடி வைத்துவிட்டேன். பிறகு எடுத்தேன். நல்ல புத்தகம்.

இந்தக் கடிதத்தை நீ யாரிடம் காட்டினாலும் சரி. நானே அனுப்பியிருக்கவேண்டும். விசாரணை அலுவலகத்து விலாசம் எழுதித் தபால் பெட்டிவரை கொண்டுபோனேன். பெட்டி இல்லத்து வாசலிலேயேதான் இருக்கிறது. திரும்பி வந்து, வேறு உறை எடுத்து, உன் விலாசம் எழுதினேன்.

மாமா


ஜூன் 9

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை விசாரணை அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். நீங்களே அனுப்பியிருக்கலாம். அதையும் என் கையால் செய்ய வைத்தீர்கள்.

அங்கே இருந்த கிளார்க், "எழுத்தை ஒத்துப் பாக்கணும்மா, அவரு எழுதினது வேற எது இருந்தாலும் கொண்டு வாங்க" என்றார். இருந்த எல்லாவற்றையும் எடுத்துப் போனேன். நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து நீங்கள் எழுதியவை, புத்தகப் பட்டியல் இரண்டு, எல்லாம். மேலாக இருந்த கடிதத்தைப் பிரித்துப் பார்த்த கிளார்க் சிரிப்பை அடக்க முடியாமல், "நல்லா எழுதுறாரும்மா" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாக எண்ணிட்டுக் கோப்பில் வைத்தார். திருப்பித் தரமாட்டார்களாம். இப்போது என்னிடம் உங்கள் எழுத்தில் ஒரு வரிகூட இல்லை.

உங்களை அழைத்துப் போக ஆள் வருவார்கள். எப்போது என்று எனக்குச் சொல்லவில்லை. முழங்காலுக்கான மாத்திரையைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தையிடம் படித்துக் காட்டினேன். பாட்டைக் கேட்டுக் கயிறு அழுகிறது என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். பிறகு, "அவன் ரொம்ப நாள் நல்லா இருக்கணும்னு எழுது" என்றார். வேண்டிக்கொண்டதுபோல் இல்லை. சொன்னபடி எழுதிவிட்டேன்.

பலகை இன்னும் இருக்கிறது. மேலிடத்து உத்தரவு வந்தால்தான் கழற்றுவார்களாம். அந்தப் புதுப் பெண்ணிடம், "அது என் வீட்டுக்காரர். பன்னெண்டுக்கு மேல ஏத்த மாட்டார்" என்று சொல்லிவிட்டேன். அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். மறுநாளிலிருந்து அவளும் என்னோடு படியேறித்தான் வருகிறாள்.

இனி எனக்கு எழுதவேண்டாம். வந்தால் பிரிக்கமாட்டேன்.

கடிதங்களைக் கொடுப்பதற்கு முன்னால், இரண்டாவது பட்டியலில் நான் படிக்காமல் விட்ட மூன்று புத்தகங்களின் பெயரை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டேன். அபிப்பிராயங்களை எழுதிக்கொள்ளவில்லை.

உங்கள் அக்கா மகள்