கேட்பவரையும் சேர்த்து

மார்ச் 3, செவ்வாய்

அப்பாவின் குறட்டை கேட்டுக்கொண்டிருக்கும்வரை எழுதலாம். அது நின்றால் நிறுத்த வேண்டும்.

பாலம் விழுந்துவிட்டது. பழைய ராணுவம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஓடிவிட்டது. ஊர் இனிமேல் காட்டிலிருந்து வந்த புரட்சிக் கமிட்டியுடையது. காலையில் "காட்டுப் பசங்க" என்று திட்டிக்கொண்டிருந்த அப்பா, சாயங்காலம் "கமிட்டில இருந்து அவங்க வந்தாங்கன்னா உக்காரச் சொல்லு" என்கிறார். மரியாதை முளைக்க ஒரு பகல் போதும் போலிருக்கிறது.

இலக்கண டீச்சர் முதல் பீரியடுக்கு வந்தார். பாலத்தில் காவல் நின்ற பழைய ராணுவத்தில் அவர் தம்பியும் இருந்தார். இப்போது இல்லை. டீச்சர் உட்காரவில்லை. போர்டைப் பார்த்துக்கொண்டே, "நாங்க தோத்துட்டோம்" என்றார். அழித்த போர்டையே மறுபடியும் அழித்தார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. நாங்க-வாம்! போன மாதம்தான், "கேக்கிறவங்களையும் சேர்த்தா நாம், விட்டுட்டா நாங்கள். இதுகூடத் தெரியாதா உனக்கு?" என்று என் தாளில் அரை மார்க் குறைத்தார். தெரிந்தேதான் சொல்லியிருக்கிறார். எதிரில் முப்பத்தெட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறோம். எங்களை விட்டுவிட்டுத் தனியாகத் தோற்றாராம். தோற்பதில்கூட ஒரு பெருமை.

மார்ச் 6, வெள்ளி

பள்ளியில் மணியடிப்பவர்தான் இப்போது வட்டாரக் கமிட்டிச் செயலாளர். கையில் பச்சைத் துணி, சட்டைப் பையில் நான்கு பேனா. மணியடிக்க ஆளில்லை. புரட்சி வந்ததிலிருந்து கணக்குப் பீரியட் முடிவதே இல்லை.

ஸ்டாம்பு செதுக்குகிற அப்பாவுக்குக் கமிட்டியிலிருந்து ஆறு ரப்பர் ஸ்டாம்பு செய்யச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. பழைய அரசாங்கத்தின் வட்ட முத்திரையைச் செதுக்கிய அதே பிளேடு, அதே ரப்பர். பழைய முத்திரைகளை மாவு டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்.

"எதுக்குப்பா இது?"

"அவங்க திரும்பி வந்துட்டாங்கன்னா?"

இருபது வருடமாக எழுத்துகளைத் திருப்பிப் போட்டே செதுக்குகிறவர். ஆளும் அப்படியே ஆகிவிட்டார்.

மார்ச் 8

வீட்டுக்கு வீடு ஒரு தாள். 'எந்தப் பக்கம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், ஒரு வாரத்துக்குள். அப்பா இரண்டு மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "பென்சில்ல எழுதலாமான்னு கேட்டுப் பாக்கட்டுமா?" என்றார். அம்மா தாளைப் பிடுங்கி அலமாரியில் வைத்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தேன் - என்னைக் கேட்டால்? பாலத்தை உடைத்தவர்களா, அதற்கு முன்னால் நம் ஊர்ச் சந்தையில் சுட்டவர்களா? நல்ல கேள்வி. இரண்டு செருப்பில் எதால் அடி வேண்டும் என்கிறார்கள்.

மார்ச் 10

'கண்காணிப்பில்' என்று ஒரு ஸ்டாம்பு. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று என்னைப் பார்க்கச் சொன்னார். அப்பாவுக்கு அதில் பெரிய தலைவலி, 'ண'வின் சுழிகளில் மை அடைத்துக்கொள்கிறதாம். நான்கு தடவை திருத்தினார்.

"யாரைப்பா கண்காணிக்கப் போறாங்க?"

"நம்மள இல்லம்மா. நமக்கு அது போதும்."

மார்ச் 12, வியாழன்

டீச்சரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வகுப்பில் சொன்னதை யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். விசாரணையே அந்த ஒரு வார்த்தைதான். 'நாம' என்றிருந்தால் ஊருக்காகப் புலம்பியதாம், எச்சரித்து விட்டுவிடுவார்கள். 'நாங்க' என்றிருந்தால் அவர் ராணுவத்து ஆள். செங்கல் சூளைக்கு அனுப்புவார்கள். அங்கே போன எவரும் இன்னும் திரும்பவில்லை.

நாளைக்கு வகுப்புத் தலைவி வந்து சொல்ல வேண்டுமாம். நான்.

பக்கத்து பெஞ்சுக்காரி, "நாங்கன்னுதான்டி எனக்குக் கேட்டுது. நீ எதையாவது சொல்லிக்கோ, என்னை இழுக்காதே" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். போன வாரம்வரை டீச்சரின் கைப்பையைத் தூக்கிக்கொண்டு அலைந்தவள்.

"காதுல விழலன்னு சொல்லிடும்மா," என்றார் அப்பா.

"முதல் பெஞ்சுல உக்காந்தவளுக்கா?" என்றாள் அம்மா.

அதற்கு மேல் யாரும் சாப்பிடவில்லை.

இந்த நோட்டின் முதல் பக்கத்தில் என் கையாலேயே 'நாங்க' என்று எழுதி வைத்திருக்கிறேன். கிழிக்கணும். கை வரமாட்டேங்குது.

மார்ச் 13

தலைமையாசிரியர் அறை. அவர் நாற்காலியில் மணியடிப்பவர். தலைமையாசிரியர் ஓரத்தில் நின்றுகொண்டு அவருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

"சொல்லு பாப்பா. டீச்சர் என்ன சொன்னாங்க?"

"நாம தோத்துட்டோம்னு சொன்னாங்க."

"நாங்கன்னு இல்ல?"

"இல்ல. நாம."

சிரித்தார். "இருபது வருஷமா உங்க வகுப்பு ஜன்னலுக்கு வெளியதான் ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தேன். பாடமெல்லாம் எனக்கும் மனப்பாடம். நாமன்னா கேக்கிறவங்களும் சேர்த்தி. அப்ப நீயும்தான் தோத்தியா?"

இதை நான் யோசிக்கவே இல்லை. அரை மார்க் போனபோதே ஒழுங்காகப் படித்திருக்க வேண்டும்.

"ஆமா," என்றேன்.

வீரமெல்லாம் ஒன்றுமில்லை. இல்லை என்று சொன்னால் டீச்சர் சொன்னது 'நாங்க' ஆகிவிடும். அவ்வளவுதான், இலக்கணம். திரும்பும்போது மேஜையில் இடித்துக்கொண்டேன். அவர் மேலே எடுத்து வைத்திருந்த நான்கு பேனாவில் ஒன்று உருண்டு கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். அதையும் செய்தேன், வெட்கமில்லாமல்.

மார்ச் 14, சனி

டீச்சரை விட்டுவிட்டார்கள். தெருவில் எதிரே வந்தார். என்னைப் பார்க்கவில்லை. பார்க்காததுதான் நல்லது.

மத்தியானம் கமிட்டியிலிருந்து இரண்டு பேர் வந்து எங்கள் வீட்டுத் தாளைக் கேட்டார்கள். அம்மா எடுத்து வந்தாள். எதுவும் எழுதாத தாள். "எழுதிடறேங்க, இதோ," என்று அப்பா பேனா தேடினார், நிஜப் பேனா. "தேவையில்லண்ணே, உங்க பொண்ணு நேத்தே சொல்லிடுச்சே," என்று ஒருவன் பையிலிருந்து ஸ்டாம்பை எடுத்து, எந்தப் பக்கம் என்று எழுத வேண்டிய இடத்திலேயே குத்தினான். இன்னொரு தாளிலும் குத்தி எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

கண்காணிப்பில்.

அப்பா தாளை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "நாம..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். நானும் எட்டிப் பார்த்தேன். சுழி ஒன்றுகூட அடைக்கவில்லை.