தீர்ந்துவிட்டதென்று ஒரு வார்த்தை

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் வந்துபோன நாளிலிருந்து என் மகள் வலி மாத்திரையைத் தொடுவதில்லை. புற்று எலும்பு வரை பரவிவிட்ட உடம்பு. தலையணை உறையைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.

அவளுக்காக வாங்கி வந்த ஆரஞ்சை நீங்களே உரித்துத் தின்றபடி, “எல்லாம் போன ஜென்மத்து வினைம்மா, அனுபவிச்சுத்தான் தீர்க்கணும்” என்றீர்கள். ஆறுதலாகத்தான் சொன்னீர்கள். நானும் வழக்கம்போல் தலையாட்டினேன்.

இப்போது மாத்திரையை நீட்டினால், “பாதி வலியைத் தூங்கியே கழிச்சிட்டா, மீதிக்கு இன்னொரு ஜென்மம் எடுக்கணும்ப்பா. இங்கேயே முடிச்சிடறேன்” என்கிறாள்.

நூல்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். துன்பப்படுபவரின் துன்பத்தைக் குறைப்பது தர்மம் என்று எடுத்துக் காட்டினேன்.

“அது உங்க தர்மம்ப்பா. வினை என்னோடது. பெரியப்பா உங்களைவிடப் படிச்சவரு, சும்மா சொல்லுவாரா?”

நீங்கள் சொன்னது தவறென்று நிரூபிக்க எனக்கும் தெரியவில்லை. மறுபிறவியைப் பார்த்துவிட்டு வந்தவனா நான்?

ஆகவே வாதாட வரவில்லை. ஒரே ஒருமுறை வாருங்கள். “உன் வினை தீர்ந்துடுச்சும்மா, மாத்திரை போட்டுக்கோ” என்று அவளிடம் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் நம்புவாள்.

தெரியாத ஒன்றை எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள். போன முறை தயங்கவில்லையே. பொய் சொன்ன பாவம் வந்து சேருமென்றால், அதை அடுத்த பிறவியில் அனுபவித்துத் தீர்த்துக்கொள்ளுங்கள், அண்ணா.

வாசலைப் பார்த்திருக்கும்
உங்கள் தம்பி