மருத்துவரின் முதுகுக்குப் பின்னால் காட்டப்பட்ட விரல்கள் குறித்து

அனுப்புநர்
ஓய்வுபெற்ற கால்பந்து வீரர் (தடுப்பாட்டம்),
சட்டை எண் 5,
மாடி வீடு, விளையாட்டரங்கின் பின்தெரு.

பெறுநர்
தலைமை மருத்துவ அதிகாரி அவர்கள்,
ஓய்வுபெற்ற வீரர்கள் நல வாரியம்.

பொருள்: எனக்கு நினைவுக் குறைபாடு இல்லை எனத் தங்கள் அலுவலகம் அளித்த சான்றிதழின் மீது புகார் – மறுபரிசோதனை வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பதினான்கு ஆண்டுகள் தொழில்முறை அணியில் தடுப்பாட்டக்காரனாக இருந்தேன். அடித்த கோல் மூன்று. அதில் ஒன்று எங்கள் வலைக்குள்ளேயே. உயரப் பந்து வந்தால் தலையைக் கொடுப்பதுதான் என் வேலை. ரசிகர்கள் என்னைச் 'சுவர்' என்பார்கள்.

2. தலையில் அடிபட்டு விழுந்தால் அணி மருத்துவர் ஓடிவந்து மூன்று கேள்விகள் கேட்பார்: எத்தனையாவது பாதி, நமக்கு எத்தனை கோல், அவர்களுக்கு எத்தனை. தவறாகச் சொன்னால் வெளியே உட்கார வேண்டும். உட்கார்ந்தவன் இடம் அடுத்த வாரமே இன்னொருவனுக்குப் போய்விடும். ஆகவே எங்கள் கோல்கீப்பர் மருத்துவரின் முதுகுக்குப் பின்னால் நின்று விரல்களைக் காட்டுவார். நான் பார்த்துச் சொல்வேன். எனக்குத் தெரிந்து பத்தொன்பது முறை. தங்கள் கோப்பில் என் தலைக்காயங்கள் 'இல்லை' என்றிருப்பது இப்படித்தான். அது என் பொய். அந்த மருத்துவர் மீது குற்றமில்லை.

3. இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. மனுவில் எழுதத் தகாத சொல் என்றால் பொறுத்தருளவும். வேறு சொல் கிடைக்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டு, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நிற்கிறேன். என் வீட்டுச் சாவியோடு பக்கத்து வீட்டுப் பூட்டில் மல்லுக்கட்டினேன். இவற்றையெல்லாம் சிரித்துச் சமாளித்துவிட்டேன். ஆனால் சென்ற மாதம் ஒரு காலையில், சமையலறை வாசலில் யாரோ ஒரு பெண் என்னை நோக்கி வேகமாக வந்தாள். தாண்ட விடக்கூடாது என்று மட்டும் தோன்றியது. தோளால் இடித்து நிறுத்தினேன். அலமாரியில் மோதி விழுந்தது, இருபத்தாறு வருடம் என்னோடு வாழும் என் மனைவி. மணிக்கட்டு முறிந்தது. எலும்பு மருத்துவரிடம் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிட்டாள்.

4. அதன் பிறகே தங்களிடம் பரிசோதனைக்கு நானாக விண்ணப்பித்தேன். அங்கு நடந்ததை அன்றே எழுதி வைத்திருக்கிறேன். மருத்துவர் மூன்று சொற்களைச் சொல்லி, சற்றுநேரம் கழித்துக் கேட்டார். எனக்கு ஒன்றுகூட நினைவில்லை. பழக்கதோஷத்தில் அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். பின்னால் கட்டுப்போட்ட கையோடு என் மனைவி உட்கார்ந்திருந்தாள். கோல்கீப்பர் கதையை வேடிக்கையாக நானே அவளிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். கூந்தலைக் கோதினாள், சீப்பு என்றேன். சுவரைப் பார்த்தாள், கடிகாரம் என்றேன். மடியில் இருந்ததைத் தட்டினாள், குடை என்றேன். எந்த மாதம் என்பதற்கு விரல்கள். முழு மதிப்பெண் கிடைத்தது.

5. படியிறங்கும்போது, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "உங்களை அங்கேயே வெச்சுக்கிட்டா நான் என்னங்க பண்ணுவேன்?" என்றாள். ஆனால் அடுத்த முறை மோதுவது அவள் தலையாக இருக்கலாம்.

ஆகவே, அச்சான்றிதழை ரத்துசெய்து என்னை மீண்டும் சோதிக்க வேண்டுகிறேன். அன்று அவளை அறைக்கு வெளியே அமரச் செய்யவும். அவள் மீது நடவடிக்கை வேண்டாம். மருத்துவருக்குப் பின்னால் ஆளோ கடிகாரமோ நாட்காட்டியோ இருக்க வேண்டாம். கண்ணில் பட்டால் பார்த்துவிடுவேன்.

காலம் தாழ்த்தாமல் அழைக்கவும். இப்போதெல்லாம் அவள் ஒவ்வொரு அறைக்குள்ளும் "நான்தாங்க, நான்தாங்க" என்று சொல்லிக்கொண்டே நுழைகிறாள்.

இடம்: வீடு
நாள்: மார்ச் 14 (நாட்காட்டியைப் பார்த்து எழுதியது)

இப்படிக்கு,
(கையொப்பம்)
சட்டை எண் 5